பழைய இரும்புக்கடையில் கிடைத்த 4 இன்ச் பெஞ்ச் வைஸ்: என்ன மேக், எப்படிப் பிரிப்பது?

பீளமேட்டுக்காரன் | ஞாயிறு இரவு

எல்லாருக்கும் வணக்கம். இன்னைக்குக் காலையில உக்கடம் பக்கம் ஆங்கிள் துண்டு வாங்கப் பழைய இரும்புக்கடைக்குப் போனேன். மோட்டார் பாடியும் பம்ப் கேசிங்கும் குவிஞ்சு கிடந்த மூலையில ஒரு பெஞ்ச் வைஸ் தலைகீழாக் கிடந்துச்சு. கிலோ 40 ரூபான்னு எடை போட்டுக் குடுத்தாங்க. ஆங்கிள் வாங்காம இதைத் தூக்கிட்டு வந்துட்டேன்.

நிலைமை இதுதான். ஜா (சாமானைக் கவ்வுற தாடை) அகலம் டேப் வச்சா சரியா 4 இன்ச். மேல சில்வர் பெயிண்ட், அது உரிஞ்ச இடத்துல பச்சை, அதுக்கும் அடியில நீலம். ஹேண்டில் வில்லு மாதிரி வளைஞ்சிருக்கு. ஒரு ஜா பிளேட்டுல ஸ்க்ரூ ஒண்ணுதான் இருக்கு, பல்லெல்லாம் வழிச்சுப் போச்சு. நிலையான ஜா தலையில ஹாக்ஸா வெட்டு அஞ்சாறு. ஸ்பிண்டிலை (ஹேண்டில் சுத்துற புரித்தண்டு) இறுக்கினா பாதி தூரம் வந்து ஒரு இடத்துல நின்னுடுது. கழட்டுற பக்கம் சுத்தினா இன்னும் விசித்திரம்: ஸ்பிண்டில் மட்டும் வெளிய வருது, ஆடுற ஜா கூட வர மாட்டேங்குது, கையால இழுத்தாத்தான் வருது.

ஒரு பக்கம் பெயிண்டுக்கு அடியில மேடான எழுத்து இருக்கு. "கார்டு" மாதிரி முடியுது. இன்னொரு பக்கம் 3ன்னு ஒரு நம்பர். இது என்ன மேக்? செலவு பண்ணித் தேத்தலாமா?


பொன்மலை_ஃபிட்டர் | ஞாயிறு இரவு

தம்பி, எழுத்து கார்டுன்னு முடிஞ்சு, 3ம் நம்பர் போட்டு, ஜா 4 இன்ச் இருந்தா, அது ரெக்கார்டு நம்பர் 3ஆ இருக்கத்தான் வாய்ப்பு. இங்கிலாந்துல ஷெஃபீல்டு ஊர்ச் சரக்கு. அடியில நீலம் இருக்குன்னு சொன்னதும் அதோட ஒத்துப் போகுது, ரெக்கார்டு வைஸ் நீலத்துலதான் வரும். பொன்மலை ரயில்வே பட்டறையில நான் அப்ரண்டிஸா சேர்ந்தப்போ முதல் ஆறு மாசம் அரம் பிடிச்சது இந்த மாதிரி ஒரு வைஸ்லதான். அந்தப் பட்டறை 1928ல நாகப்பட்டினத்துல இருந்து திருச்சிக்கு வந்தது, பழைய இங்கிலீஷ் சாமான் எவ்வளவோ அங்க ஓடிக்கிட்டு இருந்துச்சு.

ஆனா அவசரப்பட்டு முடிவு பண்ணாதீங்க. அதே உருவத்துல நம்ம நாட்டுலயும் நிறைய வார்த்தாங்க. உருவம் ஏமாத்தும், எழுத்தைத்தான் நம்பணும். எழுத்து இருக்கிற இடத்துல மட்டும் பெயிண்ட் ரிமூவர் தடவி, அரை மணி நேரம் விட்டு, மூங்கில் குச்சியால சுரண்டுங்க. கிரைண்டர்ல கப் பிரஷ் மாட்டி அங்க போயிடாதீங்க. வார்ப்பு எழுத்தோட ஓரம் மழுங்கிட்டா திரும்ப வராது.


ஐடிஐ_டீச்சர் | திங்கள் காலை

பொன்மலை ஐயா சொன்னதோடு இன்னொன்று. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலர்ந்த எமரி போட்டுத் தூசி கிளப்பாதீர்கள், வீட்டில் குழந்தைகள் இருந்தால் முக்கியமாக. ரிமூவர் போட்டு ஈரமாகவே வழித்தெடுங்கள், வழித்ததைக் காகிதத்தில் மடித்து அப்புறப்படுத்துங்கள்.

ஸ்பிண்டில் மட்டும் வெளியே வருகிறது என்றீர்களே, அது பெரிய வியாதி இல்லை. ஸ்பிண்டில் ஆடுற ஜாவுக்குள் நுழைந்து வரும் இடத்தில், உள்பக்கம் ஒரு வாஷரும் அதைப் பிடித்து நிறுத்தும் பின்னும் இருக்க வேண்டும். இறுக்கும்போது ஸ்பிண்டில் தலை ஜாவைத் தள்ளும். கழட்டும்போது அந்த வாஷரும் பின்னும்தான் ஜாவை இழுத்துக்கொண்டு வரும். உங்கள் வைஸில் அது இரண்டும் போயிருக்கும், இல்லையென்றால் பின் அறுந்திருக்கும். ஜாவை முழுக்க வெளியே இழுத்துத் தலைகீழாகத் திருப்பி, டார்ச் அடித்துப் பாருங்கள்.


பீளமேட்டுக்காரன் | திங்கள் இரவு

ரெக்கார்டுதாங்க! ரிமூவர் போட்டு வழிச்சதும் எழுத்து முழுசா வந்துடுச்சு, கூடவே மேட் இன் இங்கிலாண்டுன்னும் இருக்கு. எழுத்தோட குழியில நீலம் அப்படியே புதுசு மாதிரி நிக்குது. அடிப்பாகத்துல பஞ்ச் அடிச்ச நம்பர் ஒண்ணு வந்துச்சு, கையால ஒவ்வொரு எழுத்தா அடிச்சிருக்காங்க, கோணல்மாணலா. ஏதோ மில்லோ பட்டறையோ போட்ட கணக்கு நம்பர் போல.

டீச்சர் மேடம் சொன்னது அப்படியே உண்மை. பின் இருக்க வேண்டிய ஓட்டையில 2 இன்ச் கம்பி ஆணியைச் சொருகி மடக்கி வச்சிருந்திருக்காங்க. அது தேஞ்சு அறுந்து, பாதி ஓட்டைக்குள்ளயே நிக்குது. வாஷரைக் காணோம்.

ஆனா ஸ்பிண்டில் பாதியில நிக்கிறது இன்னும் அப்படியேதான். இப்ப முழுசாவும் வெளிய வர மாட்டேங்குது. சம்மட்டி போடலாமா?


பொன்மலை_ஃபிட்டர் | திங்கள் இரவு

போடவே போடாதீங்க. உடம்பு வார்ப்பிரும்பு. அமுக்கினா தாங்கும், அடிச்சா விரிசல் விடும். ஸ்பிண்டில் ஏறுற பாக்ஸ் நட்டுக்குள்ள பழைய கிரீஸும் இரும்புத்தூளும் சேர்ந்து கல்லாயிருக்கும், அதுதான் புரியில சிக்கி நிக்குது. டீசல் ஊத்தி ஒரு நாள் விடுங்க. அப்புறம் கால் சுத்து முன்னால, கால் சுத்து பின்னால. இறுகினா நிறுத்தி மறுபடி டீசல். ஒரே பக்கம் பலமாத் திருப்பினா அந்த அழுக்கே ஆப்பு மாதிரி உள்ள போயிடும்.

அதுக்கும் அசையலைன்னா நட் இருக்கிற இடத்தைச் சூடு காட்டுங்க. செவக்க வேண்டாம். தண்ணி சொட்டு விட்டா சுர்ருன்னு போற அளவு போதும். வெளிய இருக்கிற நட் விரியும், உள்ள ஸ்பிண்டில் இன்னும் சூடாகியிருக்காது, அந்த இடைவெளியில திருப்பணும். சூடு காட்டுறதுக்கு முன்னாடி டீசலைச் சுத்தமாத் துடைச்சிடணும்.


மதுரை_புல்லட்_பட்டறை | செவ்வாய் காலை

வண்டி இன்ஜின் போல்ட்டுக்கு நாங்க பண்றது: ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து சொட்டுச் சொட்டா விடுவோம். டீசலை விட வேகமா இறங்கும். அசிட்டோன் தீப்பிடிக்கும், அதனால சூடு காட்டுற வேலையோட இதைச் சேர்க்காதீங்க. ரெண்டுல ஒண்ணுதான்.


பீளமேட்டுக்காரன் | புதன் இரவு

வந்துடுச்சுங்ணா! செவ்வாய் ராத்திரி முழுக்க டீசல்ல ஊற வச்சேன். இன்னைக்குச் சாயங்காலம் கால் சுத்து கால் சுத்தா ஒரு மணி நேரம். முதல்ல வந்தது கறுப்புச் சேறு. அப்புறம் பித்தளைச் சீவல், தங்கத்தூள் மாதிரி மின்னிக்கிட்டு. ஒரு கட்டத்துல கையில இருந்த பாரம் சட்டுன்னு இறங்கின மாதிரி இருந்துச்சு, அப்புறம் ரெண்டு விரல்லயே சுத்துது. கடைசியா நட்டுல இருந்து வெளிய விழுந்தது நெல்லு அளவுக்கு ஒரு வெல்டிங் உருண்டை. இத்தனை நாளா வழிமறிச்சது இதுதான்.

ஸ்பிண்டிலைத் துடைச்சு வெளிச்சத்துல பாத்தேன். சதுரப் புரி. தேய்மானம் எப்படிக் கண்டுபிடிக்கிறது?


ஐடிஐ_டீச்சர் | புதன் இரவு

தலைப் பக்கப் புரியையும் வால் பக்கப் புரியையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். சின்ன சாமான்தான் அதிகம் பிடிப்போம், அப்போது நட் இருப்பது ஸ்பிண்டிலின் தலைப் பக்கம். அங்கேதான் முழு பாரமும் விழும். வால் பக்கம் சுமை இல்லாமல் சும்மா கடந்து போகிற புரி, கிட்டத்தட்டப் புதிதாகவே இருக்கும். வெர்னியரில் இரண்டு இடத்திலும் புரியின் தடிமனை அளந்தால் எவ்வளவு தேய்ந்தது என்று தெரிந்துவிடும். கொஞ்சம் தேய்ந்திருந்தால் கவலை இல்லை, ஹேண்டில் ஆட்டம் கூடும், பிடி குறையாது. தலைப் பக்கம் புரி கத்தி முனை மாதிரி கூர்மையாகியிருந்தால் மட்டும்தான் மாற்ற வேண்டும்.

நட்டின் உள்ளேயும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பிண்டிலை விட நட்தான் பெரும்பாலும் முதலில் போகும்.


பீளமேட்டுக்காரன் | புதன் இரவு

அளந்துட்டேன் மேடம். வித்தியாசம் கால் மில்லிமீட்டர் கூட இல்லை. நட்டுல புரி முழுசா இருக்கு.


மிச்சிகன்_தச்சன் | வியாழன்

நான் டெட்ராய்ட் பக்கம் பதினைந்து வருடமாகப் பழைய வைஸ்களைத் தேடி எடுத்துச் சரி செய்கிறேன். இந்த இழையைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

ரெக்கார்டு என்பது சி அண்டு ஜே ஹாம்ப்டன் என்ற ஷெஃபீல்டு கம்பெனியின் வணிகப் பெயர். கம்பெனி 1898ல் தொடங்கியது. 1972ல் ரிட்ஜ்வேயோடு சேர்ந்து ரெக்கார்டு ரிட்ஜ்வே ஆனது. உங்கள் வைஸில் இருக்கும் எழுத்தை மட்டும் வைத்து வருடம் சொல்ல முடியாது.

வருடம் கண்டுபிடிப்பதில் அமெரிக்க வில்டன் வைஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். 1941ல் சிகாகோவில் தொடங்கிய கம்பெனி அது. உடம்பு துப்பாக்கிக் குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும். ஆடுற ஜாவை வெளியே இழுத்து அடியில் பார்த்தால் மாதமும் வருடமும் அடித்திருப்பார்கள். பழைய வில்டனில் அது செய்த தேதி இல்லை, ஐந்து வருட உத்தரவாதம் முடிகிற தேதி. 1952 என்றிருந்தால் 1947ல் செய்தது. இது தெரியாமல் பலர் ஐந்து வருடம் தள்ளிச் சொல்வார்கள்.

பிரிட்டிஷ் வைஸில் இன்னொரு குறி தேடலாம். மேல்நோக்கிய அம்பு மாதிரி மூன்று கோடு. அது இருந்தால் அரசாங்கச் சொத்தாக இருந்தது என்று அர்த்தம். உங்கள் பஞ்ச் நம்பருக்குப் பக்கத்தில் அம்பு ஏதாவது இருக்கிறதா?


பீளமேட்டுக்காரன் | வியாழன் இரவு

அம்பு இல்லைங்க, நம்பர் மட்டும்தான். துருவுக்கு என்ன பண்றது? அடிப்பாகம் பூரா செதில் செதிலா இருக்கு. மியூரியாட்டிக் ஆசிட் வாங்கி ஊத்திடுன்னு பக்கத்து லேத்காரர் சொல்றார்.


மதுரை_புல்லட்_பட்டறை | வியாழன் இரவு

ஆசிட் வேண்டாம் நண்பா. வார்ப்பிரும்பை ஆசிட்ல ஊற விட்டா இரும்பு கரைஞ்சு கிராஃபைட் மட்டும் நிக்கும். மேல கறுப்பா மை மாதிரி கையில ஒட்டும். அந்த ஆவி பட்டாலே பட்டறையில இருக்கிற மத்த சாமான் எல்லாம் மறுநாள் துரு ஏறிடும். ஒரு தடவை பண்ணிட்டு டிரில் பிட் டப்பா ஒண்ணைத் தூக்கிப் போட்டேன்.

எலக்ட்ராலிசிஸ் பண்ணுங்க. பெரிய பிளாஸ்டிக் டப், 5 லிட்டர் தண்ணிக்கு ஒரு மேசைக்கரண்டி வாஷிங் சோடா. ஆப்பசோடா இல்லை, துணி துவைக்கிற சோடா. 12 வோல்ட் பேட்டரி சார்ஜர். நெகடிவ் கிளிப் வைஸ்ல, பாசிடிவ் கிளிப் பழைய கட்டடக் கம்பியில. ரெண்டும் தண்ணிக்குள்ள ஒண்ணோடொண்ணு தொடக் கூடாது. கம்பியைச் சுத்தி நாலு பக்கமும் நிறுத்தினா நல்லது, ஏன்னா கம்பிக்கு நேரா தெரியிற முகத்துலதான் துரு வேகமாப் போகும். கிளிப்பை மாத்திப் போட்டா வைஸ் கரைய ஆரம்பிச்சிடும், ரெண்டு தடவை பாத்துட்டு சுவிட்ச் போடுங்க.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கரண்டி, தட்டு எதையும் பாசிடிவ் பக்கம் போடாதீங்க. அதுல இருக்கிற குரோமியம் விஷமாத் தண்ணியில இறங்கும். உப்பும் போடக் கூடாது, குளோரின் வரும். நுரைச்சு வர்றது ஹைட்ரஜன், அதனால வெட்டவெளியில வைங்க, பக்கத்துல வெல்டிங் கூடாது. புது மாடல் சார்ஜர் சிலது பேட்டரி இருக்கான்னு தேடும், தண்ணியை வச்சா ஸ்டார்ட்டே ஆகாது. பழைய டிரான்ஸ்ஃபார்மர் சார்ஜர்தான் இதுக்கு லாயக்கு.


உடுமலை_கரும்பு | வெள்ளி காலை

கரண்ட் வேண்டாம்னு நினைக்கிறவங்களுக்கு மொலாசஸ் இருக்குதுங்க. ஒரு பங்கு மொலாசஸ், ஒன்பது பங்கு தண்ணி. மூழ்க வச்சு மூடிட்டா ரெண்டு மூணு வாரத்துல துரு தானா உரிஞ்சு வரும். எங்க கலப்பைக் கொழு, மண்வெட்டி எல்லாம் அப்படித்தான் எடுத்தோம். நாத்தம் அடிக்கும், வீட்டுக்குப் பின்னால தள்ளி வைக்கணும். வார்ப்பிரும்புன்னா வாரத்துக்கு ஒருக்கா எடுத்துக் கழுவிப் பாத்துக்குங்க, மறந்து மாசக்கணக்குல விட்டா மேல சொரசொரப்பு வந்துடும்.


பொன்மலை_ஃபிட்டர் | வெள்ளி காலை

துரு எடுக்கிறது எப்படியும் பண்ணலாம். அதுக்கு முன்னாடி ஒரு வேலை பாக்கி இருக்கு, விரிசல் பாக்கணும். விரிசல் விட்ட வைஸுக்குப் பெயிண்ட் அடிச்சு என்ன பிரயோஜனம்?

ஒவ்வொரு பாகத்தையும் கயித்துல கட்டித் தொங்க விட்டுச் சின்னச் சுத்தியால தட்டுங்க. பானை வாங்குறப்போ தட்டிப் பாக்கிற மாதிரி. ஒரே சீரா ஓசை வந்து கொஞ்ச நேரம் நின்னு அடங்கணும். தகரம் மாதிரி சட்டுன்னு செத்துப் போனா எங்கயோ விரிசல் இருக்கு. அடுத்தது மண்ணெண்ணெய். சந்தேகமான இடத்துல எல்லாம் தடவி ஒரு மணி நேரம் விட்டு, துணியால சுத்தமாத் துடைச்சு, சாக்பீஸைப் பொடியா அரைச்சுத் தூவுங்க. விரிசலுக்குள்ள போன மண்ணெண்ணெய் திரும்ப வெளிய கசிஞ்சு சாக்பீஸ்ல கோடாத் தெரியும். ஜா பிளேட் ஸ்க்ரூ ஓட்டை, ஸ்பிண்டில் நுழையிற இடம், ஆடுற ஜாவோட கழுத்து, பெஞ்ச்சுல போல்ட் போடுற காது, இந்த நாலையும் விடாதீங்க.


பீளமேட்டுக்காரன் | சனி மதியம்

ஐயா, நல்லவேளை சொன்னீங்க. ஆடுற ஜாவைத் தட்டினா கோயில் மணி மாதிரி. அடிப்பாகம் கொஞ்சம் சீக்கிரம் அடங்குற மாதிரி தோணுச்சு. சாக்பீஸ் தூவிட்டு டீ குடிக்கப் போயிட்டு வந்து பாத்தேன். ஒரு காதுல, போல்ட் ஓட்டையில இருந்து ஓரம் வரைக்கும் முடி மாதிரி ஒரு ஈரக்கோடு. நீளம் ரெண்டு சென்டிமீட்டர் இருக்கும். வெறுங்கண்ணுக்கு அங்க ஒண்ணுமே தெரியலை. மத்த மூணு இடமும் சுத்தம்.

மனசு கஷ்டமாப் போச்சு. வெல்டிங் பண்ணிடலாமா?


உலைக்களம் | சனி மாலை

வார்ப்பு வெல்டிங்தான் எனக்குத் தொழிலே. பண்ணலாம். சாதா ராடு போட்டா பக்கத்துலயே புது விரிசல் ஓடும், நிக்கல் ராடு வேணும். விரிசலை வி மாதிரி கிரைண்ட் பண்ணி, ஒரு தடவைக்கு ஒரு இன்ச்சுக்கு மேல ஓட்டாம, ஒவ்வொரு ஓட்டுக்கும் உடனே சின்னச் சுத்தியால தட்டிக் குடுக்கணும். இல்லைன்னா காஸ்ல பித்தளை பிரேஸிங், அது இன்னும் பதமாப் பிடிக்கும். ரெண்டுக்கும் பொதுவா ஒண்ணு: ஆறும்போது அவசரம் கூடாது. சுண்ணாம்புத் தூள்லயோ சாம்பல்லயோ புதைச்சு மறுநாள் எடுக்கணும். காத்துல ஆற விட்டா ராத்திரியில டங்குன்னு சத்தம் கேக்கும், காலையில வந்து பாத்தா உடைஞ்சிருக்கும்.


பொன்மலை_ஃபிட்டர் | சனி மாலை

உலைக்களத்துத் தம்பி சொன்னது அத்தனையும் சரி. ஆனா இந்த இடத்துக்கு நான் வெல்டிங் வேண்டாம்னுதான் சொல்வேன். கழுத்துல விரிசல்னா பிரேஸ் பண்ணு, இல்லைன்னா கடையிலேயே திருப்பிக் குடுன்னு சொல்லியிருப்பேன். காதுக்கு வர்ற பாரம் வேற. அது விரிஞ்சதுக்குக் காரணம் பெஞ்ச் மட்டமில்லாம இருந்திருக்கும், போல்ட்டை இறுக்க இறுக்கக் காது வளைஞ்சு வெடிச்சிருக்கு.

பெஞ்ச்சுல அடி நாலு பக்கமும் படியுதான்னு மார்க்கிங் நீலம் (பட்ட இடத்தைக் காட்டுற மை) தடவிப் பாருங்க, படியாத இடத்துக்குத் தகடு குடுங்க. அந்தக் காதுக்கு மேல 6 எம்எம் பிளேட்டுல பெரிய வாஷர் வெட்டிப் போட்டா பாரம் பரவும். அந்தப் போல்ட்டை மத்ததை விடக் கொஞ்சம் லேசா இறுக்குங்க. இது போதும். தேவையில்லாத சூட்டை ஒரு நல்ல வார்ப்புக்குக் குடுக்கக் கூடாது.


உலைக்களம் | சனி இரவு

ஒத்துக்கிறேன் ஐயா. காதுன்னா நீங்க சொல்றதுதான் சரி.


பீளமேட்டுக்காரன் | அடுத்த புதன்

எலக்ட்ராலிசிஸ் ரெண்டு ராத்திரி ஓட்டினேன். டப்புல தண்ணி செம்மண் குழம்பு மாதிரி ஆயிடுச்சு. எடுத்துத் தண்ணியில கழுவி நைலான் பிரஷ் போட்டா துரு கறுப்புப் பொடியா உதிருது, அடியில சாம்பல் நிற இரும்பு. துடைச்சுட்டு ஒரு போன் பேசிட்டு வர்றதுக்குள்ள மேல மஞ்சளா மறுபடி துரு பூத்துடுச்சு! அப்புறம்தான் புரிஞ்சுது. மறுபடி தேய்ச்சு, ஹீட் கன்ல சூடு காட்டி, உடனே பிரைமர் அடிச்சேன். ஸ்லைடு ஆகுற இடத்துல எண்ணெய் மட்டும்.

ஸ்பிரிங்கும் ஜா பிளேட்டும் டப்புக்குள்ள போடலை, கையாலயே சுத்தம் பண்ணினேன்.

இப்ப ஜா பிளேட் ஸ்க்ரூ பிரச்சினை. எம்8 அலன் போல்ட் ஒண்ணு ரெண்டு சுத்து சுலபமா ஏறுச்சு, அப்புறம் இறுகுது. புரி வெட்டுற டேப் போட்டு ஏத்திடவா?


ஐடிஐ_டீச்சர் | புதன் இரவு

நிறுத்துங்கள். பழைய இங்கிலீஷ் வைஸில் புரி விட்வொர்த், அதாவது பழைய இங்கிலீஷ் இன்ச் அளவுப் புரி. கோணம் 55 டிகிரி, நம் மெட்ரிக் 60. அதை விடப் பெரிய சிக்கல் பிட்ச், அதாவது ஒரு புரிக்கும் அடுத்த புரிக்கும் உள்ள தூரம். 5/16 விட்வொர்த்தை எடுத்துக்கொள்ளுங்கள்: விட்டம் 7.94 மில்லிமீட்டர், இன்ச்சுக்கு 18 புரி, அதாவது பிட்ச் 1.41. எம்8ன் பிட்ச் 1.25. முதல் இரண்டு சுற்று ஏறும், மூன்றாவதில் பழைய புரியை வெட்ட ஆரம்பிக்கும். உங்கள் ஓட்டை எந்த சைஸ் என்று பழைய ஸ்க்ரூவில் பிட்ச் கேஜ் வைத்துப் பாருங்கள். கோவையில் விட்வொர்த் ஸ்க்ரூ கிடைக்காத குறையே இல்லை.

என் மாணவர்கள் ஆண்டுதோறும் இதே தவறைச் செய்கிறார்கள். ஏறுகிறதே என்று நம்பி ஏற்றிவிடுவார்கள்.


பீளமேட்டுக்காரன் | வியாழன் இரவு

விட்வொர்த்தேதான் மேடம். காந்திபுரத்துல ஒரு நட் போல்ட் கடையில சாம்பிளைக் காட்டினதும் பெரியவர் பாக்காமலே எடுத்துக் குடுத்துட்டார். நாலு ஸ்க்ரூ. பழைய ஓட்டையில சொகமா ஏறுது.

பல் போன பிளேட்டுக்கு என்ன இரும்பு?


பொன்மலை_ஃபிட்டர் | வெள்ளி

ஓஹெச்என்எஸ் (எண்ணெயில விட்டுக் கெட்டியாக்குற டூல் ஸ்டீல்) வாங்குங்க. ஷேப்பர்ல குறுக்கும் நெடுக்குமாப் பல் வெட்டி, ஸ்க்ரூ ஓட்டையும் கவுண்டர் சிங்க்கும் முடிச்சுட்டு, கடைசியில ஹார்டன். காந்தம் ஒட்டாத சூட்டுக்குக் கொஞ்சம் மேல, 800 டிகிரி வாக்குல ஏத்தி எண்ணெயில விடணும். அப்படியே மாட்டிடக் கூடாது, கண்ணாடி மாதிரி உடையும். 200 டிகிரியில ஒரு மணி நேரம் டெம்பர் பண்ணணும். உங்க ஊர்ல ஹீட் ட்ரீட்மென்ட் ஜாப்வொர்க் எடுக்கிறவங்ககிட்ட மத்தவங்க சாமானோட சேர்த்துப் போட்டா செலவு கொஞ்சம்தான்.

கூடவே ரெண்டு அலுமினிய எல் துண்டு வளைச்சு வைஸ் கிளாம்ப்பா வச்சுக்குங்க. முடிஞ்ச சாமானைப் பிடிக்க அதுதான் வேணும்.


மதுரை_புல்லட்_பட்டறை | வெள்ளி

பெயிண்ட் விஷயம் நான் சொல்றேன். ஜா தலையில இருக்கிற ஹாக்ஸா வெட்டை எல்லாம் வெல்டு வச்சு ரொப்பி, பட்டி போட்டு, அந்தப் பஞ்ச் நம்பரையும் மூடிட்டு, ரெண்டு கோட் ஆட்டோ பெயிண்ட் அடிச்சா ஷோரூம்ல இருந்து வந்த மாதிரி நிக்கும்.


மிச்சிகன்_தச்சன் | வெள்ளி

நண்பரே, உங்கள் கை சுத்தத்தை மதிக்கிறேன், ஆனால் இதில் நான் எதிர்ப்பக்கம். ஹாக்ஸா வெட்டு பிடிமானத்தைக் கெடுக்கவில்லை. அதை ரொப்ப வெல்டு வைத்தால் ஜா தலை சூட்டில் கடினமாகி, பிளேட் உட்காரும் முகம் வளையும். கண்ணுக்கு அழகு, பிடிக்கு நஷ்டம். வார்ப்பில் மணல் பொத்தல் இருந்த இடத்தில் பட்டி போடுவதில் தப்பில்லை, தொழிற்சாலைகளே அப்படிச் செய்தன.

பஞ்ச் நம்பரை மட்டும் தயவுசெய்து மூடாதீர்கள். எந்த ஊர், எந்த மில் என்று இன்று தெரியாமல் இருக்கலாம். அதே முறையில் நம்பர் அடித்த இன்னொரு சாமான் உங்கள் கோவையிலேயே வேறொருவர் கையில் கிடைக்கும்போது, இரண்டையும் சேர்த்துப் பார்க்க வழி இருக்கும். மூடிவிட்டால் அந்த வழி அடைந்துபோகும்.


மதுரை_புல்லட்_பட்டறை | வெள்ளி இரவு

நம்பர் விஷயத்துல நீங்க சொல்றது நியாயம். எங்க வண்டியிலயும் சேஸிஸ் நம்பரை யாரும் பட்டி வைக்க விட மாட்டோம்.


பீளமேட்டுக்காரன் | இரண்டு வாரம் கழித்து, ஞாயிறு

முடிச்சுட்டேங்க. ரெட் ஆக்சைடு பிரைமர், மேல எழுத்துக் குழியில இருந்த நீலத்தைக் கடையில காட்டிக் கலந்த எனாமல். ஸ்லைடு, ஸ்பிண்டில், ஜா முகம் மூணுலயும் பெயிண்ட் படாம டேப் ஒட்டினேன். ஹாக்ஸா வெட்டு அப்படியே இருக்கு. நம்பர் இருக்கிற இடத்துல பெயிண்டை மெல்லிசா ஒரே கோட், கோணல் எழுத்து நல்லாப் படிக்க முடியுது. ஆணி போன இடத்துல சரியான பின், லேத்துல கடைஞ்ச வாஷர். காதுக்கு 6 எம்எம் பிளேட்.

பிடி சரியா இருக்கான்னு எப்படி டெஸ்ட் பண்றது? உயரம் எவ்வளவு வைக்கணும்?


ஐடிஐ_டீச்சர் | ஞாயிறு

நேராக நின்று முழங்கையை மடக்கி, கையைத் தாடையில் வையுங்கள். முழங்கை ஜாவின் மேல்விளிம்பைத் தொட வேண்டும். அதுதான் உங்கள் உயரம். இன்னொருவர் அளவை எடுத்து வைக்காதீர்கள், அரம் சாய்ந்தே போகும். நிலையான ஜாவின் முகம் பெஞ்ச் விளிம்புக்குச் சற்று வெளியே இருக்கட்டும். நீளமான கம்பியைச் செங்குத்தாகப் பிடித்தால் தரை வரை இறங்க வேண்டும்.

டெஸ்டுக்கு சிகரெட் அட்டையில் இருக்கும் மெல்லிய தாள் மாதிரி இரண்டு துண்டு எடுத்து, ஜாவின் இரண்டு ஓரத்திலும் வைத்து லேசாக இறுக்குங்கள். இரண்டும் ஒரே அளவு இறுக்கமாக இழுபட வேண்டும். பிறகு மேலும் கீழும் வைத்துப் பாருங்கள். மேல்பக்கம் முதலில் பிடித்தால் நல்லது. கீழ்ப்பக்கம் பிடித்து மேலே தளர்ந்தால் பிளேட்டுக்கு அடியில் அழுக்கு இருக்கிறதா என்று பாருங்கள்.


பீளமேட்டுக்காரன் | ஞாயிறு இரவு

இடது ஓரத்துத் தாள் வழுக்கிட்டு வந்துச்சு. பிளேட்டைக் கழட்டினா அடியில பெயிண்ட் ஒரு துளி காஞ்சு நின்னுச்சு, டேப்புக்குள்ள கசிஞ்சிருக்கு. சுரண்டிட்டு மாட்டினேன், இப்ப ரெண்டு தாளும் கிழியுது, வர மாட்டேங்குது.

ஹேண்டில்தான் பாக்கி. வளைஞ்சதை நிமித்தவா, இல்ல நல்ல கெட்டியான ஸ்டீல் ராடுல புதுசு பண்ணவா?


பொன்மலை_ஃபிட்டர் | திங்கள் காலை

நிமித்துங்க, இல்லைன்னா அதே தடிமன்ல சாதா மைல்டு ஸ்டீல் ராடு போடுங்க. கெட்டி ஸ்டீல் வேண்டாம் தம்பி. யாரோ பைப் மாட்டித் திருப்பியிருக்காங்க, அதான் வளைஞ்சது. ஹேண்டில் வளைஞ்சதாலதான் ஸ்பிண்டிலும் நட்டும் இன்னைக்கும் முழுசா இருக்கு. அங்க கெட்டி ராடு போட்டா அடுத்த தடவை உடையிறது வார்ப்பா இருக்கும்.

நட்டுக்குக் கிரீஸ். ஸ்லைடுக்குக் கிரீஸ் வேண்டாம், இரும்புத்தூள் ஒட்டிக்கும். மெஷின் ஆயில் ரெண்டு சொட்டு விட்டுத் துடைச்சிடுங்க. சாயங்காலம் பட்டறையைப் பூட்டும்போது ஜா ரெண்டையும் தொடாம ஒரு நூல் இடைவெளி விட்டு வைங்க.